நாகம்மா கொடுத்த ராஜினாமா

கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்பார்கள். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஆறு வருஷம் நிம்மதியாகத் தூங்கியவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அதற்குப் பழமொழி கிடையாது. லாலாகுடா ரயில்வே ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த நாகம்மாதான் அப்படித் தூங்கினவள்.

சொந்த ஊர் அரக்கோணம். ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்த உலகநாதனுக்கு வாக்கப்பட்டு நிஜாம் சீமைக்கு வந்தபோது, ஒரு தகரப்பெட்டியையும் தாயில்லாத் தம்பி ஒருத்தனையும் கூடவே கொண்டுவந்தாள். தம்பி பெயர் சிவஞானம். மூக்கைச் சிந்தத் தெரியாத வயசு. உலகநாதன் நல்ல மனுஷன், பெட்டியைப் பற்றியும் ஒன்றும் கேட்கவில்லை, தம்பியைப் பற்றியும் ஒன்றும் கேட்கவில்லை. நாகம்மாவுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. யாராவது அதைச் சொல்லி உச்சுக் கொட்டினால், "எனக்கு இன்னா கொறை, அதான் ஒண்ணு இருக்குதே" என்று வாசலில் கோலி விளையாடுகிறவனைக் காட்டுவாள்.

லைன் வீடுகளில் இருந்த தமிழர்கள் எல்லாரும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வரவேண்டும் என்று தலைகீழாய் நின்றார்கள். நாகம்மா புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. "இங்கிலீஷ் படிச்சவன் ரயில்ல டிக்கெட் கிழிப்பான். ராஜா பாஷை படிச்சவன் ராஜா கச்சேரியில உக்காருவான்" என்று சொல்லித் தம்பியை ஒரு மௌல்வியிடம் உருது படிக்க அனுப்பினாள். பையன் கெட்டிக்காரன். வலமிருந்து இடமாக விறுவிறுவென்று எழுதுவான். அவளுக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் அவன் எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். வளர்ந்ததும் நகரத்துக்குள் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தான். அவனுக்குக் கல்யாணம் நடந்தபோது நாத்தனாராக நின்று மூன்றாவது முடிச்சுப் போட்டவளும் அவள்தான், மாமியாராக நின்று மருமகளை உள்ளே அழைத்தவளும் அவள்தான்.

மல்காஜ்கிரியில் உலகநாதன் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். ஒரு கிணறு, ஒரு சீதாப்பழ மரம், மற்றபடி கல்லும் முள்ளும். வேலை முடிந்து குவார்ட்டர்ஸை விடும்போது போய் விழுவதற்கு ஒரு இடம் வேண்டும் அல்லவா, அதற்காக. பக்கத்து நிலத்துக்காரர் நரசய்யா, அது தன் நிலத்தில் சேர்ந்தது என்று வழக்குப் போட்டார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே உலகநாதன் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். ரயில்வேக்காரர்கள் இரக்கப்பட்டு நாகம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கொடுத்தார்கள். வேலையோடு ஒண்டிக்கொள்ள ஒரு குவார்ட்டர்ஸும் கிடைத்தது.

பிரசவ வார்டை விட்டுவிட்டு அவளால் கோர்ட்டு வாசலில் போய் நிற்க முடியுமா? சிவஞானம்தான் வழி சொன்னான்.

"நீ எதுக்குக்கா அலையணும்? எனக்கு ஒரு முக்தார்நாமா எழுதிக் குடு. என் பேச்சு உன் பேச்சுன்னு ஆயிடும். உன் இடத்துல நான் நிக்கிறேன்."

அவள் மகராசனாய் இரு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு எழுதத் தெரிந்தது தன் பெயர் ஒன்றுதான், அதுவும் தமிழில். அன்று அவன் சொன்ன சொல்லை அவன் காப்பாற்றவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவள் இடத்தில் அவன்தான் நின்றான்.

நிஜாம் சர்க்கார் ஜூபிலி கொண்டாடிய வருஷம். ஒருநாள் சாயங்காலம் சிவஞானம் வந்தான். செருப்பைக் கழற்றும்போதே சொன்னான்.

"அக்கா, வழக்கு முடிஞ்சுது. ராஜினாமா ஆயிடுச்சு."

நாகம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "இன்னாடா சொல்ற, ராஜினாமா பண்ணிட்டானா அந்த நரசய்யா? வேலையத்தான் ராஜினாமா பண்ணுவாங்க. வழக்கைக்கூடவா பண்ணுவாங்க?"

சிவஞானம் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். அப்புறம் அவனும் சிரித்தான். "கோர்ட்டுல அப்படித்தான்க்கா சொல்லுவாங்க" என்றான்.

அன்றைக்கு அவள் சேமியா பாயசம் வைத்தாள். அவன் ஒரு டம்ளர் குடித்துவிட்டு இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தான். இதை நாகம்மா பின்னால் பல தடவை சொல்லியிருக்கிறாள். நிலத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் குரல் சாதாரணமாகத்தான் இருக்கும். பாயசத்துக்கு வரும்போதுதான் உடையும்.

அதன் பிறகு எப்போதாவது மனையைப் பார்க்கப் போவாள். கிணற்றில் நரசய்யா வீட்டுப் பெண்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பார்கள். தம்பியிடம் சொன்னால், "தண்ணிதானேக்கா, எடுத்துக்கட்டும், புண்ணியம்" என்பான். தம்பிக்கு எவ்வளவு தாராள மனசு என்று நினைத்துக்கொள்வாள். வேலி போடலாமா என்று கேட்டால், "இப்ப எதுக்கு, நாலு பேர் கண்ணை உறுத்தும்" என்பான். அதுவும் சரியாகத்தான் பட்டது. பெற்றவள் மாதிரி நம்புகிறவளுக்கு எதுதான் சரியாகப் படாது?

சண்டைக்காலம் வந்தது. அரிசிக்கு வரிசையில் நின்ற வருஷம். நாகம்மாவுக்கு வேலையிலிருந்து ஓய்வு கொடுக்கும் உத்தரவும் வந்தது. தீபாவளி கழிந்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். மல்காஜ்கிரியில் இரண்டு அறையும் ஓட்டுக் கூரையுமாக எழுப்பிக்கொள்ளலாம் என்று கொத்தனாரைப் பேசினாள். மனைமேல் வழக்கு நடந்ததால் கோர்ட்டு பைசல் நகல் இல்லாமல் வீடு கட்ட அனுமதி கிடையாது என்று அங்கிருந்த சர்க்கார் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

சிவஞானத்திடம் கேட்டாள். வக்கீல் ஔரங்காபாத் போயிருக்கிறார், காகிதம் அவர் பெட்டியில் இருக்கிறது என்றான். பிறகு கேட்டபோது மொஹரம் லீவு என்றான். அடுத்த தடவை மழை. ஆடி போய் ஆவணியும் போயிற்று. நாகம்மாவுக்கு அப்போதும் சந்தேகம் வரவில்லை. "பாவம், பிள்ளைகுட்டிக்காரன், எனக்காக எத்தினி நாள் அலைவான்? நானே போய் வாங்கிக்கினு வந்துட்டா அவனுக்கும் ஒரு வேலை கொறையும்" என்றுதான் கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு உற்ற சிநேகிதி நர்ஸ் கனகமணி. திருநெல்வேலிப் பக்கத்து கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம், போலாரத்தில் வீடு. இரண்டு பேரும் முதலில் போனது சிக்கந்தராபாத்தில் இருந்த வெள்ளைக்காரன் கோர்ட்டுக்கு. அங்கே பாலச்சந்திரன் என்று ஒரு தமிழ் குமாஸ்தா இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"அம்மா, இங்க கம்பெனிக்காரன் காலத்துலேர்ந்து இங்கிலீஷ்காரன் சட்டம். மல்காஜ்கிரி நிஜாம் எல்லையில இருக்கு. உங்க கேஸ் கட்டு நகரத்துக்குள்ள, நிஜாம் முன்சீப் கோர்ட்டுல இருக்கும். இங்க விக்கிற ஸ்டாம்ப் பேப்பரும் அங்க செல்லாது, அவங்க ஸ்டாம்ப் வேற. வாதி பேர், பிரதிவாதி பேர், எந்த வருஷம்னு சொல்லணும். அதுவும் இங்கிலீஷ் வருஷம் சொன்னா தேட மாட்டாங்க, ஃபஸ்லி வருஷம் சொல்லணும்."

பத்து மைலுக்குள் இரண்டு ராஜ்யம், இரண்டு ஸ்டாம்பு, இரண்டு வருஷக் கணக்கு. நாகம்மாவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. ஆனால் விடவில்லை. அடுத்த வாரம் லீவு சொல்லிவிட்டு நிஜாம் ரயில்வே ஓட்டிய பஸ்ஸில் ஏறித் தனியாகவே போனாள். கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறவர் ஒருவரைப் பிடித்து, நகல் கேட்டு ஒரு மனு எழுதி வாங்கிக்கொண்டாள்.

நகல் கொடுக்கும் அறையில் ஒரு வயசான முன்ஷி உட்கார்ந்திருந்தார். மருதாணிச் சிவப்பேறிய தாடி. சுவர் உயரத்துக்குச் சிவப்புத் துணியில் கட்டிய மூட்டைகள். அந்த ஊர்த் தெருவில் பேசுகிற கொச்சை உருதுவான தக்கனியை நாகம்மா நன்றாகவே பேசுவாள். பிரசவ வார்டில் எல்லாப் பாஷையிலும் அதட்டத் தெரியவேண்டும்.

"எந்த வருஷம்?" என்றார் முன்ஷி.

"ஃபஸ்லி தெரியாது சாகிப். ஜூபிலி நடந்துச்சே, ஊரெல்லாம் லைட்டுப் போட்டாங்களே, அந்த வருஷம்."

முன்ஷி சிரித்துவிட்டார். "அது போதும்" என்று சொல்லி ஒரு புஸ்தகத்தைப் புரட்டிக் குறித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை கழித்து வரச்சொன்னார்.

அவள் மறுபடி போனபோது கட்டு அவர் மேஜைமேல் இருந்தது. முன்ஷி கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கிடைச்சுது. ஆனா இதுல பெரிய தீர்ப்பு ஒண்ணும் இல்லையே. ராஜினாமா ஆகியிருக்கு."

"ஹவ் சாகிப், அதேதான்!" நாகம்மாவுக்கு ஒரே சந்தோஷம், சரியான கட்டுதான் என்று. "அந்த ஆளு ராஜினாமா பண்ணிட்டான்."

"அவர் மட்டுமா? நீயும்தானே பண்ணியிருக்கே."

"நானா? கைக்கு, நான் எதுக்குப் பண்றேன்? எனக்கு இன்னும் தீபாவளி வரைக்கும் வேலை இருக்குது."

முன்ஷி கண்ணாடியைக் கழற்றினார். இவள் விளையாடுகிறாளா என்று பார்த்தார். விளையாடவில்லை என்று தெரிந்ததும் அவர் குரல் மாறிப்போயிற்று.

"அம்மா, ராஜின்னா என்ன? சண்டை போட்ட ரெண்டு பேரும் சரின்னு ஒத்துப்போறது. ராஜினாமான்னா அப்படி ஒத்துக்கிட்டதா எழுதிக் கொடுக்கிற காகிதம். யாரும் எதையும் விட்டுட்டு ஓடலை. பங்கு போட்டுக்கிட்டீங்க."

ராஜி என்ற சொல் நாகம்மாவுக்குத் தெரியாததா? அரக்கோணத்தில் பங்காளிகள் வரப்புக்கு அடித்துக்கொண்டு, நாலு பேர் சொல்லி ராஜியாகப் போவதை அவள் பார்த்ததில்லையா? தமிழில் ராஜினாமா என்றால் வேலையை விடுவது என்று ஊரே சொல்கிறது. அந்தச் சொல்லுக்குள் இந்தச் சொல் உட்கார்ந்திருக்கும் என்று யார் பிரித்துப் பார்த்தார்கள்? சிவஞானம் பார்த்திருந்தான். அவனுக்கு இரண்டும் தெரியும். அன்றைக்கு ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தானே, அது அதற்குத்தான்.

"படிங்க சாகிப்" என்றாள்.

அவர் படித்தார். கிணறு இருக்கும் முன்பாதி நரசய்யாவுக்கு. சீதாப்பழ மரம் இருக்கும் பின்பாதி, வழக்கைக் கவனித்துப் பாடுபட்டதற்காக சிவஞானத்துக்கு. நாகம்மாவுக்கு அந்த மனையில் இனி எந்த உரிமையும் இல்லை. இதற்கெல்லாம் நாகம்மா மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறாள். அவளுக்காகக் கையெழுத்து, அவளுடைய முக்தார் சிவஞானம்.

பக்கத்திலேயே முக்தார்நாமாவும் தைத்திருந்தது. உருதுக் காட்டுக்கு நடுவே தமிழில் 'நாகம்மா' என்று அவள் கையெழுத்து. காலும் புள்ளியும் கொஞ்சம் பெரிசு பெரிசாக, அவள் போட்டபடியே.

"மாத்த முடியாதா?"

"முறையிடற கெடு எப்பவோ முடிஞ்சுபோச்சு. உன் கையெழுத்தும் உண்மையான கையெழுத்து." முன்ஷி கட்டை மூடினார். "அவன் யாரு உனக்கு?"

நாகம்மா வாயைத் திறந்தாள். சட்டென்று தம்பி என்று வரவில்லை. "நான் வளர்த்த புள்ளை" என்றாள்.

"நகல் இன்னும் வேணுமா?"

"வேணும். முத்திரை போட்டே குடுங்க."

வரும் வழியெல்லாம் அவள் அழவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கனகமணியைப் பார்த்ததும்தான் பிரித்துக் காட்டினாள். விஷயம் முழுவதும் கேட்ட கனகமணிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஏட்டி நாகம்மா, ராஜி அவனுக்கு, நாமம் ஒனக்கு. அதாம்ட்டி அவன் சொன்ன ராஜிநாமம்! பட்டையா நெத்தி நெறைய போட்டுட்டு, பாயசமும் குடிச்சிட்டுல்ல போயிருக்கான்!"

நாகம்மா சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாகத் திரும்பியது. வார்டில் ஒரு குழந்தை கத்தியது, யாரோ ஆயாவைக் கூப்பிட்டார்கள், முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சீதாபல்மண்டியில் இருந்த சிவஞானம் வீட்டுக்குப் போனாள். அவன் முன்னால் நகலை வைத்தாள். முத்திரையைப் பார்த்ததும் அவனுக்கு முகம் வெளிறியது. ஆனால் வக்கீல் குமாஸ்தா அல்லவா, நாக்கு சீக்கிரமே திரும்பி வந்துவிட்டது.

"தோத்துடும்னு வக்கீல் சொன்னாருக்கா. முழுசும் போறதுக்குப் பாதியாவது நம்ம கையில இருக்கட்டும்னு…"

"நம்ம கையிலயா? உன் கையிலயா?"

"எப்படியும் உனக்கு அப்புறம் எனக்குத்தானேக்கா வரப்போவுது?"

அது நிஜம். யாருக்கு வைத்திருந்தாள் வேறே? கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். ஒரு மூலையில் ஒரு அறை போட்டுக்கொண்டு, மீதி எல்லாம் எடுத்துக்கோடா என்றிருப்பாள். கேட்டால் கிடைக்கிறதைத் திருடினவனை என்ன சொல்லித் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவன் என்று சொன்னாலும் போதாது. இது அவன் வளர்ந்த வீடு.

"அப்ப என்கிட்ட ஏன்டா பொய் சொன்ன?"

"நான் எங்க பொய் சொன்னேன்?" சிவஞானம் கொஞ்சம் தெம்பாகவே சொன்னான். "ராஜினாமா ஆயிடுச்சுன்னு உள்ளதைத்தானே சொன்னேன்? நீதான் வேற மாதிரி எடுத்துக்கின."

"எடுத்துக்கினேன். அது தப்புன்னு தெரிஞ்சுதான நீ சிரிச்ச?"

சிவஞானம் நகலை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தான். "பின்பாதியில ஒரு ரூம் போட்டுத் தரேன்க்கா. நீ பாட்டுக்கு இருந்துக்க. யாரும் உன்னைப் போன்னு சொல்ல மாட்டாங்க" என்றான்.

அதுவரைக்கும் நாகம்மா உட்கார்ந்திருந்தாள். அதைக் கேட்டதும் எழுந்துவிட்டாள்.

"நக்கோ, வேணாம். என் மனையில எனக்குப் பிச்சையா? நல்லாக் கேட்டுக்கடா. நீ குடுத்த ராஜினாமா உருதுல. எனக்கு அந்தக் கச்சேரி பாஷை தெரியாது. எனக்குத் தெரிஞ்ச தமிழ் ராஜினாமாவை நான் குடுக்கறேன். உன்னைத் தூக்கிக்கினு ரயில் ஏறின அன்னிலேர்ந்து பார்த்த உத்தியோகம். அக்கா உத்தியோகம். இன்னியோட விட்டுட்டேன்."

நகலை மட்டும் எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சிவஞானத்தின் பெண்டாட்டி காப்பியோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தீபாவளி கழிந்ததும் நாகம்மா குவார்ட்டர்ஸைக் காலி செய்தாள். பழைய தகரப்பெட்டிதான் கூட வந்தது. போலாரத்தில் கனகமணி வீட்டுப் பின்புறம் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தாள். பிள்ளை பெற்ற வீடுகளில் குழந்தையைக் குளிப்பாட்டும் வேலை அவளுக்குக் குறைவில்லாமல் வந்தது. மல்காஜ்கிரிப் பக்கம் எந்த வீட்டிலிருந்து கூப்பிட்டாலும் போகமாட்டாள். அந்தச் சீதாப்பழ மரத்தை வெட்டிவிட்டு வீடு எழும்பியிருக்கிறது என்று கனகமணிதான் ஒருநாள் சொன்னாள். அப்படியா என்று கேட்டுக்கொண்டாள்.

நாலு வருஷம் கழித்து ஒருநாள் காலையில் சிவஞானம் போலாரத்துக்கு வந்தான். கையில் தட்டு. வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை. மூத்த மகனுக்குக் கல்யாணம். அத்தை என்று ஒருத்தி வந்து நிற்காமல் கல்யாணம் எப்படி நடக்கும், ஊர் என்ன சொல்லும்? தலை நரைத்திருந்தது. வாசலில் நின்று, "அக்கா" என்றான். குரல் நடுங்கியது, அது பொய்யில்லை.

நாகம்மா கதவுவரை வந்தாள். அவனையும் தட்டையும் பார்த்தாள். தெருவில் விலாசம் தப்பி வந்த ஆளிடம் கேட்கிற மாதிரி, தக்கனியில், மரியாதையாகவே கேட்டாள்.

"கோன் ஹோனா?"

யார் வேண்டும் என்று அர்த்தம். இந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் கிடையாது. உருது படித்தவன், அவனுக்குப் புரிந்தது.